நாய் குரைத்த வரப்பு

சின்னமனூருக்கு உரம் வாங்கக் கிளம்பிய சேவியரை வாசலில் மறித்து ஷெரின் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: கடை பூட்டியிருந்தால்? கடை திறந்து உரம் இல்லாவிட்டால்? உரமும் கிடைத்து வண்டி பஞ்சரானால்? “கல்யாணத்துக்கு முந்தி பங்குச் சாமியாரே இம்புட்டுக் கேள்வி கேக்கலயே ஆத்தா” என்றபடி சேவியர் பொறுமையாகப் பதில் சொல்கிறான். அவனுக்கு வாய்த்த மனைவி.

மார்க்கையன்கோட்டை வீட்டின் மாடியறையிலிருந்து, சென்னைக் கம்பெனி ஒன்றின் மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்று தெரிந்ததும், இத்தனை வருஷம் சும்மாவே செய்துவிட்டோமே என்று தெருவில் சிலர் வருந்தினார்கள்.

இப்போது அவள் கையில் இருப்பது, கைப்பேசியிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டரின் நிரல். சோதனைக்கான முதல் பெட்டி சேவியரின் வாழைத்தோட்டத்தில்தான் மாட்டியிருக்கிறது. அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டான்.

“ஸ்டாட்டிக் அனாலிசிஸ்னு ஒண்ணு. அது காவல் நாயி. புரோகிராம ஓட்டாமலே மோந்து பாத்து, வாடை அடிச்ச எடத்துலயெல்லாம் கொலைக்கும். பாதிக்குமேல ஓணானாத்தான் இருக்கும். மாடல் செக்கிங்னு இன்னொண்ணு. தோட்டத்தச் சின்னதா வரைஞ்சு குடுத்தா, அதுல உள்ள அம்புட்டு வரப்புலயும் நடந்துபோயி, பாம்பு இங்கன கெடக்கு, இந்த வழியா வந்துச்சுன்னு காட்டிரும்.”

“அப்ப நாய வித்துரலாமுல்ல?”

“வித்துராதீக. வரப்பு பெருகிக்கிட்டே போகும், நடந்து தீராது. நாய் கொலைச்ச பக்கத்த மட்டும் வரையணும்.”

அந்த வாரம் நாய் ஓரிடத்தில் குரைத்தது. மோட்டார் ஓடலாமா கூடாதா என்ற ஒரே குறிப்பை, நிரலின் இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் மாற்றிக்கொண்டிருந்தன. ஓணான்தான், விட்டுவிடு, திங்கட்கிழமை விற்பனை என்றான் மேலதிகாரி சுரேஷ்கண்ணன். கரண்ட் இல்லாதபோது நிறுத்தச் சொன்னால்தான் இரண்டும் மோதும்; கரண்டே இல்லாத மோட்டாரை எவன் நிறுத்தப்போகிறான் என்பது அவன் வாதம்.

சென்னைக்காரனுக்கு அது நியாயம்தான். கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாரும் நிறுத்துவார்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டிருப்பார்கள்; மோட்டாரில் ரிப்பேர் என்றால் கரண்ட் போகக் காத்திருந்து, ஸ்டார்ட்டரில் நிறுத்தம் போட்டுவிட்டு மோட்டாருக்குள் கையை விடுவார்கள். மோட்டாரையும் பம்பையும் பிணைக்கும் கப்ளிங் போல்ட் தளர்ந்துபோய், சேவியரும் இப்போதெல்லாம் கைப்பேசியில் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

இந்தப் பழக்கத்தையும் சேர்த்து வரைந்து கொடுத்தாள் ஷெரின். பாம்பு வரும் வழி திரையில் வந்துவிட்டது. கரண்ட் போகிறது. நிறுத்தச் சொல்கிறார்கள். கரண்ட் வருகிறது. ஆட்டோ அந்தச் சொல்லை அழிக்கிறது. மோட்டார் ஓடுகிறது. அவ்வளவுதான் இருந்தது. அவளுக்கு மட்டும் அங்கே கல்யாண மோதிரம் போட்ட ஒரு கை தெரிந்தது.

ஆபீசைக் கூப்பிடும் முன் சேவியரைத்தான் கைப்பேசியில் கூப்பிட்டாள். “மோட்டாருகிட்ட போயிராதீக.”

சுரேஷ்கண்ணன் அந்த வழியைத் தானும் ஒருமுறை நடந்து பார்த்தான், விற்பனையைத் தள்ளிவைத்தான். நிரல் திருத்தப்பட்டது. நாய் குரைக்கவில்லை. எந்த வரப்பிலும் பாம்பு இல்லை. புதிய நிரலைப் பெட்டியில் ஏற்றிய மறுநாள், கரண்ட் போனதும் சேவியர் கைப்பேசியில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தான்.

“இனிமே பயமில்லையில்ல?”

“நான் வரைஞ்சதுல பாம்பு இல்ல” என்றாள்.

பிறகு அவன் பின்னாலேயே மோட்டார் ரூமுக்கு வந்து, பலகையிலிருந்த மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் முறுக்கி முடிக்கிறவரை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள்.