ஐம்பத்து நாலு கிலோ

பெரம்பலூரில் ஜிம் நடத்த ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. "உடம்பு ஏற ஊசி போடுவீங்களா?" என்று வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். வழக்கமாக இருபது வயதுக்காரர்கள்தான் கேட்பார்கள். ஒருநாள் அப்படிக் கேட்டவருக்கு அறுபத்தொரு வயது. பெயர் செல்வராஜ். வாலிகண்டபுரத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்.

"இந்த வயசுல ஊசியா? சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"வூட்டுக்காரம்மாவத் தூக்கணும் சார். பக்கவாதம், ஒரு பக்கம் வெளங்கல. போன வாரம் தூக்குறப்ப கை நழுவிடுச்சு. கட்டில்லயே விழுந்ததால தப்பிச்சுது. அதுலேருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்குது. குடிச்சா பாத்ரூம் போவணும், நான் தூக்கணும்ல?"

"எவ்வளவு வெயிட்டு?"

"அம்பத்து நாலு கிலோ."

எனக்கு வெட்கமாகிவிட்டது. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள், ஊசி வேண்டாம், பலத்தை நேச்சுரலாகவே ஏற்றலாம், அதுவரை பக்கத்து வீட்டு ஆள் துணையோடு தூக்குங்கள் என்றேன்.

சொன்னது சரி, செய்தது தப்பு. எல்லோருக்கும் கொடுக்கிற, வாரம் ஆறு நாள் பயிற்சி சார்ட்டையே அவருக்கும் கொடுத்துவிட்டேன். மூன்றே வாரத்தில் மனிதர் வாடிப்போனார். முதல் நாள் தூக்கிய டம்பெல்லைக்கூடத் தூக்க முடியவில்லை.

"வயசாயிடுச்சு சார். இனிமே எங்க ஏறப் போவுது?" என்று செருப்பை மாட்டினார்.

வயதின் மேல் பழியைப் போட எனக்கும் வசதிதான். ஆனால் எனக்கே அப்போது ஐம்பது. என் தோள்வலி போனதே வாரத்தில் பாதி நாள் ஓய்வெடுக்க ஆரம்பித்த பிறகுதான். அது ஏன் இவர் விஷயத்தில் உறைக்கவில்லை?

"உக்காருங்க. என்ன சாப்பிடுறீங்க?"

"காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி சோறு."

"முட்டை?"

"எப்பவாச்சும்."

வாரம் மூன்று நாள்தான் ஜிம் என்று மாற்றினேன். தினமும் முட்டையும் சுண்டலும். ராத்திரி சீரியல் பார்க்காமல் தூக்கம்.

இன்னொன்றும் புரிந்தது. இரும்பு பார் விறைப்பாக இருக்கும். உடம்பு முடியாத ஆள் துவண்டு சரிவார். அதனால் அவர் வயல் மக்காச்சோளத்தையே பெரிய சாக்கில் தளர்வாகக் கட்டி எடுத்துவரச் சொன்னேன். முதலில் இருபது கிலோ. மூட்டையை மார்போடு கட்டிப்பிடித்து நாற்காலியிலிருந்து எழ வேண்டும், நடக்க வேண்டும், உட்கார வேண்டும். சொன்ன தடவை ரெப்ஸ் சுத்தமாக வந்தால்தான் இன்னும் கொஞ்சம் சோளம் கொட்டுவேன்.

"மாஸ்டர், மண்டி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று மற்றவர்கள் கிண்டலடித்தார்கள். செல்வராஜ் காதிலேயே வாங்கவில்லை.

எட்டாவது மாதம் தராசு ஐம்பத்து நாலு காட்டியது. அந்த மூட்டையைச் சுவர் வரைக்கும் கொண்டுபோய், திரும்பி வந்து, சத்தமில்லாமல் இறக்கினார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பயந்துகொண்டேதான் போனேன். மூட்டை நழுவினால் சோளம்தான் சிந்தும்.

அவர் குனிந்ததும் அவர் மனைவி பூங்கொடி அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். செல்வராஜ் அணைத்துத் தூக்கி, நாலு எட்டு நடந்து, நாற்காலியில் மெதுவாக உட்கார வைத்தார். அந்தம்மா கண்ணைத் திறந்து கட்டிலைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார்.

"ஒரு சொம்புத் தண்ணி குடுங்க. நெறைய," என்றார்.

அப்பாடா, அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது. இப்போதெல்லாம் அறுபது தாண்டியவர் வந்தால் சார்ட்டை எடுப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: "வூட்டுல எதைத் தூக்கணும்?"