அண்ணனின் இடது கண்

கோவிட் கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கி, கேமரன் மலைக்கு மறுபடியும் சுற்றுப்பயணிகள் வரத் தொடங்கிய வருடம் அது. பிரிஞ்சாங்கைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் தேநீர்க் கடையில் எனக்கு வேலை. சின்ன வயதிலிருந்தே கண்ணாடி போடுகிறவள் நான். லேசர் செய்து அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒருவழியாக ஈப்போவில் உள்ள ஒரு கண் சிகிச்சை மையத்துக்குப் போனேன். இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். மருத்துவர் சீனர், மலாயில்தான் பேசினார். தமிழ்த் தாதி ஒருவர் கூடவே இருந்து எனக்கு விளக்கிச் சொன்னார்.

முன்பு கோலாலம்பூரில் படித்தபோது, அதே மையத்தின் கிளையில் ஒரு முறை கண்ணைச் சோதித்திருந்தேன். நானே மறந்துபோன விஷயம். என் அடையாள அட்டை எண்ணைத் தட்டியதும் அந்தப் பழைய படமும் கணினியில் வந்து நின்றது. மருத்துவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நில வரைபடம் மாதிரி பல நிறங்களில் என் கருவிழி. பழைய படத்தில் கீழே லேசாக மஞ்சளாக இருந்த இடம், புதியதில் சிவந்து பரவியிருந்தது.

கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கிக்கொண்டு வரும் நோயின் ஆரம்பம் என்றார். லேசர் செய்தால் அது இன்னும் மெலிந்து பார்வையே கெட்டுவிடுமாம். புதிய படம் மட்டும் இருந்திருந்தால், இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். தப்பித்தோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தாதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறதா, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் உண்டா? என் அண்ணனுக்கு இரண்டுமே உண்டு என்றேன். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார் என்றேன். தட்டிக்கொண்டிருந்த தாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவரைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அண்ணன் மசியவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் சரியாகச் சோதிப்பதில்லை, அதனால்தான் பவர் மாறுகிறது என்றார். கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் லோரி லைசென்ஸ் போய்விடும் என்ற பயம்தான் உண்மையான காரணம். அண்ணியும் கைக்குழந்தையும் அவருடைய சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அண்ணனைக் கூட்டிவரச் சொல்லி மையத்திலிருந்து என் கைப்பேசிக்கு நினைவூட்டல் வந்துகொண்டே இருந்தது. என்ன பதில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தாதியே அழைத்துவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல உங்க பேருக்குக் கீழ அண்ணனப் பத்தின குறிப்பு இன்னும் சிவப்பாவே நிக்குதும்மா. அண்ணன் வந்து செக் பண்ணாத்தான் அது மாறும். வீட்லதானே இருக்காரு? போன அவருகிட்ட குடுங்க."

ஸ்பீக்கரைப் போட்டு அண்ணனிடம் நீட்டினேன். தாதி அவரைக் கண்டிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிரே என்ன தெரிகிறதென்று மட்டும் சொல்லச் சொன்னார். அண்ணன் சிரித்துக்கொண்டேதான் கண்ணை மூடினார். எதிரே வாசலில் அண்ணி நின்றிருந்தார்.

"எம் பொண்டாட்டி நிக்கிறா லா."

"கையில ஏதாவது வச்சிருக்காங்களா, தம்பி?"

அண்ணன் உற்றுப் பார்த்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மறுபடியும் பார்த்தார். "துணி மூட்ட மாதிரி இருக்கு," என்றார் கடைசியில்.

அண்ணியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது அவர்களுடைய குழந்தை.

அண்ணி அழுதுவிடுவார் போலிருந்தது. அண்ணன் கையை எடுத்துவிட்டுக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெல்லிய குரலில் கேட்டார், "எப்ப வரணும், மிஸி?"

அந்த வாரமே பஸ்ஸில் ஈப்போவுக்குப் போனோம். அண்ணனின் இடது கண் ஏற்கெனவே மிகவும் கெட்டுப்போயிருந்தது. வலது கண்ணிலும் நோய் இறங்கத் தொடங்கியிருந்தது. சொட்டு மருந்து விட்டு, ஒளி பாய்ச்சிக் கருவிழியை இறுக வைக்கும் ஒரு சிகிச்சை உண்டு. இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். எங்கள் இருவருக்குமே அந்தச் சிகிச்சை தேவைப்பட்டது, பிறகு செய்தும்கொண்டோம். லோரியை மட்டும் இனிமேல் தொடக் கூடாது என்று அண்ணனிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்து, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் பார்த்துக்கொண்டே வந்தார். "இங்கெல்லாம் நான் பாத்து ஓட்டல. பழக்கத்துல ஓட்டிருக்கேன்," என்றார். மறுநாள் காலையில் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் சிரிப்பு குறைவுதான். சாலையில் லோரிச் சத்தம் கேட்டால் அண்ணன் வீட்டுக்குள் போய்விடுவார். இப்போது தேயிலை ஆலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்கிறார். நாங்கள் இருவரும் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் புதுப் படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இதுவரை இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

ஒரு முறை அந்தத் தாதியிடம் கேட்டேன், கணினியில் இருந்த அந்தச் சிவப்பை அவரே மாற்றியிருக்க முடியாதா என்று. முடியும், 'தகவல் சொல்லப்பட்டது' என்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றார். ஏன் தட்டவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்த வளைவுகளில் அண்ணனின் லோரிக்கு எதிரே வந்திருக்கக்கூடிய சுற்றுப்பயணிகளின் காடிகளையும், அவற்றுக்குள் உட்கார்ந்திருந்திருக்கக்கூடிய குழந்தைகளையும் நினைத்து மனம் பதறும்போதெல்லாம், முகம்கூடப் பார்த்திராத ஒருவருக்காக அதைத் தட்டாமல் விட்ட அந்த விரலுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.