மாப்பிள்ளையின் வயிறு

வேலை செய்யும் இடத்தில் அவருக்குக் கயிறு என்று பெயர். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது அவர் தொழில். கூட வேலை பார்க்கிறவர்களும் கயிற்றில்தான் தொங்குகிறார்கள். ஆனாலும் பெயர் இவருக்குத்தான் ஒட்டியது. ஆள் அப்படி. ஒல்லி, நீளம், எங்கே மாட்டினாலும் சத்தமில்லாமல் தொங்குவார்.

வீட்டுக் கண்ணாடிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பால்கனிக் கதவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கையை நீட்டித் தடவிப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். மச்சினன் ஒருமுறை போன் பேசிக்கொண்டே போய் மூக்கை உடைத்துக்கொண்டான். அதன்பிறகு மனைவி அந்தக் கதவில் சிவப்பு ரிப்பன் ஒட்டினாள். கயிறு இப்போது கண்ணாடியையும் துடைக்கிறார், ரிப்பனையும் துடைக்கிறார்.

மீன்தொட்டியைக் கொண்டுவந்து இறக்கியதும் அதே மச்சினன்தான்.

"புது வீட்டுக்காரர் மீனெல்லாம் வச்சுக்கக் கூடாதுங்கறார் மாமா. நான் சொல்றேன் கேளுங்க, ஒரே வாரம். வந்து எடுத்துக்கறேன்."

'நான் சொல்றேன் கேளுங்க' என்று அவன் ஆரம்பித்த எதுவும் அதுவரை நடந்ததில்லை. இதுவும் நடக்கவில்லை.

"மீன் எங்கடா இதுல?" என்று அவன் அக்கா தொட்டியைச் சுற்றி வந்தாள்.

"கலர் மீனெல்லாம் ஒண்ணொண்ணா போய்ச் சேர்ந்துடுச்சுக்கா. இது ஒண்ணுதான் போக மாட்டேங்குது."

அடியில் கூழாங்கற்களுக்கு நடுவே இன்னொரு கூழாங்கல் போல ஒன்று கிடந்தது. சேற்று நிறம். முகம் முழுக்க முளைமுளையாக மீசை. வாய், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், அடிப்பக்கத்தில் இருந்தது.

"என்ன போடணும் இதுக்கு?" என்றார் கயிறு.

"ஒண்ணுமே வேணாம் மாமா! அதானே இதுல விசேஷம். இது அழுக்கு திங்கற மீன். கண்ணாடியில படியற பாசிய நக்கிக்கிட்டே காலத்த ஓட்டிடும். நீங்க திரும்பிக்கூடப் பார்க்க வேணாம்."

எட்டாவது படிக்கும் மகள் ஒருநாள் முழுக்க அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அது அசையவில்லை. சாயங்காலம் அவளே பெயர் வைத்தாள்.

"மாப்பிள்ளை."

"ஏன்டி?"

"மீசை வச்சிருக்காரு. வந்து உக்காந்தவரு எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு. அவரச் சுத்தி நாமதான் நடக்கறோம். வேற யாரு?"

முதல் சில நாட்கள் கயிறு அந்தப் பக்கம் போகவில்லை. அவருக்கு மீன் தெரியாது. கண்ணாடிதான் தெரியும். ஆனால் ஒருநாள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, தொட்டியின் மூலையில் லேசாகப் பச்சை படிந்திருப்பது கண்ணில் பட்டுவிட்டது. சட்டை பாதியில் நின்றது. பையைத் திறந்து பிளேடு போட்ட சுரண்டியை எடுத்தார். சோப்பு போட்டால் மீன் செத்துவிடும் என்ற அளவுக்கு விவரம் இருந்தது. சும்மா சுரண்டி, உள்ளே ஒரு துணி, வெளியே ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தொட்டியில் தண்ணீர் அந்தரத்தில் நிற்பதுபோல ஆகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் அந்த வேலை நடந்தது. முகம் கழுவுவதற்கு முன்னால் தொட்டி.

அப்போதுதான் அது நடந்தது. அவர் சுரண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மாப்பிள்ளை அடியிலிருந்து மெதுவாக எழுந்து வந்தது. கண்ணாடியில் வாயைப் பதித்து அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளுத்த வயிறு அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் கை இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம்.

கயிறு அசந்துபோனார். காரணம் இருந்தது. எத்தனையோ வருடமாகக் கண்ணாடிக்கு வெளியே தொங்குகிற மனிதர் அவர். உள்ளே இருப்பவர்கள் அவரைப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். திரையை இழுத்துவிடுவார்கள். அல்லது, அவர் அங்கே இல்லாததுபோல அவர் வயிற்றின் வழியாக வானத்தைப் பார்ப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஜீவன் அவரை நோக்கி வந்தது இதுதான் முதல் தடவை.

"என்னங்க, சாப்பாடு ஆறுது" என்றாள் மனைவி. அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். யாரையும் காத்திருக்க வைத்துப் பழக்கம், காத்திருந்து பழக்கமில்லை.

"மாப்பிள்ளை வந்திருக்கு. இரு."

"வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு மாமனார் கண்ணாடி தொடைக்கிறத இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் சந்தோஷமாகப் போனது. மாப்பிள்ளையின் வயிறு உள்வாங்கிக்கொண்டே வந்ததை முதலில் கவனித்தவரும் கயிறுதான். மற்றவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். அவர் ஒருவர்தான் கண்ணாடியில் முகத்தை வைத்து எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிற ஆள். முதலில் தட்டையாக இருந்தது. பிறகு கரண்டிக் குழிபோல ஆனது. கண்ணும் உள்ளே போயிருந்தது.

மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மீனுக்கு வயிறு ஒட்டிப்போயிருக்கு மாப்ள."

"மாமா, நான் சொல்றேன் கேளுங்க. தண்ணி அழுக்கா இருக்கும். சுத்தமா வச்சுக்கங்க, சரியாயிடும்."

அதைக் கேட்டு கயிறு காலையிலும் ஒருமுறை துடைக்க ஆரம்பித்தார். கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவித் திரும்ப வைத்தார். வயிறு இன்னும் உள்ளே போனது. ஒருநாள் மாப்பிள்ளை கண்ணாடியில் ஒட்ட முயன்று, பிடி நழுவி, காய்ந்த இலை விழுவதுபோல அடியில் போய் விழுந்தது. கயிற்றுக்கு அன்று சோறு இறங்கவில்லை. உயரத்திலிருந்து விழுவது என்றால் என்னவென்று வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் பாதி நாள் லீவு போட்டுவிட்டு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் வலையைத் தொட்டிக்குள் விட்டு எதையோ துரத்திக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"சொல்லுங்க சார். நில்லு, உங்களச் சொல்லல சார், இந்த மீனச் சொன்னேன். ஓடுது பாருங்க சார். சொல்லுங்க சார்."

கயிறு போனில் இருந்த படத்தைக் காட்டினார். கடைக்காரர் வலையை வைத்துவிட்டார்.

"ஐயோ பாவம். பட்டினி சார் இது. என்ன போடறீங்க?"

"ஒண்ணும் வேணாம்னாங்க. அழுக்கத் தின்னுக்குமாமே."

"தின்னும் சார். தொட்டியில எவ்வளவு அழுக்கு இருக்கு?"

"இல்லையே" என்றார் கயிறு. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இல்லைன்னா?"

"காலைல ஒரு தடவ தொடைப்பேன். சாயங்காலம் ஒரு தடவ."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அது எதச் சார் திங்கும்?"

கயிறு போனிலிருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, ஒரு வக்கீல் கடைசி சாட்சியைக் கூப்பிடுவதுபோல, "ஆனா நான் தொடைக்கும்போது பக்கத்துலயே வருது. என் கைய விட்டு நகராது" என்றார்.

"வராம என்ன சார் செய்யும்? அதோட தட்ட எடுத்துட்டுப் போறீங்க. நீங்க வழிச்செடுக்கறதுக்குள்ள கிடைச்சத நக்கிக்கலாம்னு ஓடி வருது."

கயிறு கடையிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிறகு வழியும் சொன்னார். கண்ணாடியைத் தொடக் கூடாது. பச்சை ஏறட்டும். அதுவரைக்கும் வெள்ளரிக்காய்த் துண்டை ஸ்பூனில் குத்தி அடியில் இறக்க வேண்டும். கனத்துக்குத்தான் ஸ்பூன், இல்லாவிட்டால் காய் மிதக்கும். கூச்ச சுபாவம், வெளிச்சத்தில் சாப்பிடாது, அதனால் விளக்கை அணைக்க வேண்டும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும்.

"பொழைச்சுக்குமா?"

"இவ்வளவு வாடினது சில சமயம் வாயே தொறக்காது சார். தின்னா உங்களுக்கே தெரியும். பின்னாடி நூல் மாதிரி நீளமா வரும். அந்த நூல் வந்துடுச்சுன்னா பொழைச்சுதுன்னு அர்த்தம். அது வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அன்று மாலையிலிருந்து வீடு நூலுக்காகக் காத்திருந்தது.

வெள்ளரிக்காய் இறங்கியது, விளக்கு அணைந்தது, காலையில் வெள்ளரிக்காய் முழுசாக வெளியே வந்தது. அடுத்த நாளும் அப்படியே. கண்ணாடி மெல்ல மெல்லப் பச்சையானது. கயிறு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கையை என்ன செய்வதென்றே தெரியவில்லை. டிவியைத் துடைத்தார். கடிகாரத்தைத் துடைத்தார். மனைவியின் மூக்குக்கண்ணாடியை, அவள் போட்டுக்கொண்டிருக்கும்போதே துடைத்தார். பக்கத்து வீட்டு டீச்சர் ஒருநாள் காலை ஜன்னல் திரையை விலக்கினால் வெளியே வராந்தாவில் கயிறு வைப்பரோடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று டீச்சர் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டார்.

"மாப்பிள்ளைக்குத்தான் உடம்பு சரியில்ல. இவருக்குக் கைதான் சரியில்ல."

"உங்க பொண்ணு எட்டாவதுதானே படிக்கறா?"

"அது வேற கதை டீச்சர்."

தொட்டியின் நான்கு பக்கமும் குளத்து நிறம் ஏறிவிட்ட ஒரு மாலையில் வேலையிடத்து மேனேஜர் வந்தார். கயிற்றுக்குப் புது இடுப்பு பெல்ட் கொடுக்க வேண்டியிருந்தது. போகிற வழியில் வந்திருக்கிறார். கேள்வியைக் கேட்டுப் பதிலையும் தானே சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

"உள்ள வரலாமா? வரலாம். உக்காரலாமா? உக்காருவோம். ஏன் விளக்கு இல்ல? கரண்ட் போயிடுச்சு."

"கரண்ட் இருக்கு சார்" என்றாள் மனைவி. "மாப்பிள்ளை சாப்பிடணும். அதான்."

மேனேஜர் இருட்டில் யாருக்கோ ஒரு வணக்கம் வைத்தார். டீ வந்தது. பால்கனிப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் அவர் கண் மெல்லப் பழகியது. முதலில் தெரிந்தது தொட்டி.

"என்னய்யா இது? கண்ணாடியா? கண்ணாடி. ஊர் பில்டிங்கெல்லாம் பளபளன்னு பண்ற ஆளு வீட்டுல இப்படியா? யாராவது பார்த்தா நம்ம கம்பெனியப் பத்தி என்ன நினைப்பாங்க? தப்பாத்தான் நினைப்பாங்க."

பக்கத்திலேயே சுரண்டி இருந்தது. கயிறு அதைத் தொடாமல் இருக்கப் பழகுவதற்காகக் கண்ணெதிரே வைத்திருந்தார். மேனேஜர் எழுந்தார், சட்டைக் கையை மடித்தார். அவரும் ஒரு காலத்தில் கயிற்றில் தொங்கியவர்தான். "எனக்கு இன்னும் கை மறக்கலையா? மறக்கல" என்று சொல்லிக்கொண்டே சுரண்டியைத் தொட்டிக்குள் விட்டார்.

கயிறு எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் சார்."

"என்ன?"

"கைய எடுங்க சார்."

மனைவி டீ டம்ளரோடு நின்றுவிட்டாள். மேனேஜர் வெயிலில் நிற்கச் சொன்னால் நிற்பார், மழையில் தொங்கச் சொன்னால் தொங்குவார், அவள் புருஷன். இந்த இரண்டு வார்த்தை அவர் வாயில் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

மேனேஜர் இந்தத் தடவை கேள்வி கேட்டார். பதில்தான் அவரிடம் இல்லை. "ஏன்யா?"

"அது சாப்பாடு சார்."

"எது?"

"நீங்க சுரண்டப் போனது."

பிடித்த மணிக்கட்டைக் கயிறு விடவில்லை. மகள் தொட்டியின் அந்தப் பக்கம் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள்தான் கத்தினாள்.

"அப்பா! நூல்! நூல் வந்துடுச்சுப்பா!"

கயிறு மேனேஜர் கையை உதறிவிட்டு ஓடினார். மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். மேனேஜரும் என்னவென்று தெரியாமல் ஓடி வந்து குனிந்தார். நாலு தலைகள் ஒரு கண்ணாடிக்கு முன்னால். பச்சைக்கு நடுவே மாப்பிள்ளை வாய் போன இடமெல்லாம் கோணல்மாணலாகத் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவு வழியாகப் பார்த்தபோது, மீசைக்காரர் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பின்னால் நீளமாக, பச்சையாக, அறுபடாமல் நூல் தொங்கியது.

"இது என்ன?" என்றார் மேனேஜர்.

"ஆய், அங்கிள்" என்றாள் மகள்.

மேனேஜர் நிமிரவில்லை. "நல்லதா?" என்று மட்டும் கேட்டார்.

"ரொம்ப நல்லது சார்" என்றார் கயிறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீனின் வேலையையும் ஒருமுறை பார்த்தார். தொழிலை விட முடியுமா? "மேல இருந்து கீழ வரத் தெரியல. ஓரத்த அப்படியே விட்டிருக்கு."

"புது ஆளுங்க எல்லாம் அப்படித்தான்" என்றார் மேனேஜர்.

அவர் டீயை முடித்து, பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, இருட்டில் கதவு திறந்திருக்கிறதா என்று கையை நீட்டித் தடவிப் பார்த்துக் கிளம்பினார். கயிறு உடனே கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"நூல் வந்துடுச்சுங்க."

"ஜெயிச்சுட்டீங்க சார்! இனிமே வந்துக்கிட்டேதான் சார் இருக்கும். கூடை கூடையாப் போடும் சார். அடியெல்லாம் குப்பையாயிடும்."

கயிறு தொட்டியின் அடியைப் பார்த்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் குப்பைய... அத மட்டும் நான் எடுக்கலாமுங்களா?"

"தாராளமா எடுக்கலாம் சார். குழாய் போட்டு உறிஞ்சி எடுங்க. அது உங்க வேலைதான்."

"எத்தனை நாளைக்கு ஒருதரம்?"

"வாரத்துக்கு ஒருதரம் போதும் சார்."

கயிறு போனை வைத்தார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க சொன்னாரு?"

"தினமும் எடுக்கணுமாம்" என்றார் கயிறு, குழாய் தேடப் போனார்.