வாரந்தோறும் தீட்டிய ஸ்கேட்

சுழலும் சாணைக்கல்லில் எஃகு உரசும்போது ஒரு வாசனை எழும். தீப்பெட்டிக் குச்சியை உரசி அணைத்ததுபோல மூக்கின் நுனியைச் சுடும் வாசனை. அதோடு பனியரங்கின் ஈரமேறிய ரப்பர் விரிப்புகளின் புளித்த நெடியும், கோக்கோ இயந்திரத்திலிருந்து வரும் தித்திப்பும் கலந்திருக்கும். நியூ ஜெர்சியில், பார்சிப்பனிக்கு அருகே ஒரு ஸ்கேட்டிங் அரங்கின் வாசலை ஒட்டியிருந்த சின்னக் கடையில், எனக்குப் பதினொரு வயதாக இருந்த அந்தக் குளிர் மாரிகாலம் முழுவதும் அந்த வாசனைக்குள் நானும் என் அம்மாவின் தம்பி ரஞ்சன் மாமாவும் நின்றிருக்கிறோம்.

அப்பா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து வைத்தியர். அம்மா அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது எனக்கு மூன்று வயது. வெளியில் என்ன பேசினாலும் "சோத்து மேசையிலை இங்கிலீஷ் வேண்டாம்" என்பது அம்மாவின் சட்டம். இன்று இதைத் தமிழில் எழுத முடிகிறதென்றால் அந்தச் சட்டத்தின் தயவுதான். பனியில் ஆடும் ஹாக்கி எனக்குப் பக்கத்து வீட்டுப் பையன்களிடமிருந்து வந்தது. தெருவில் அவர்களோடு டென்னிஸ் பந்தைத் தட்டித் திரிந்தவள் ஒருநாள் அவர்களோடு அரங்குக்குப் போனேன், பிறகு அவர்களுடைய அணியிலேயே சேர்ந்துவிட்டேன். அணியில் பெண் நான் ஒருத்திதான். "பொம்பிளைப் பிள்ளை முன்பல்லை உடைச்சுக்கொண்டு வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது?" என்று அம்மா புலம்ப, "விளையாடட்டும், குளிருக்கை வீட்டுக்கை கிடந்து என்ன செய்யப்போறாள்" என்று அப்பா முடித்துவைத்தார்.

ஸ்கேட்டைத் தீட்ட வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கோச் சொல்லியனுப்பிய பிறகு, அப்பா வேலைக்குப் போகிற வழியில் இருந்த ஹார்ட்வேர் கடையில் அதைக் கொடுத்தார். சாவி வெட்டுகிற, புல்வெட்டும் மெஷினின் அலகுகளைத் தீட்டுகிற கடை. பளபளவென்று கண்ணாடி மாதிரித்தான் திருப்பித் தந்தார்கள். அடுத்த பயிற்சியில் நான் திரும்பிய இடமெல்லாம் கால் பக்கவாட்டில் வழுக்கி, சுவரில் போய் மோதிக்கொண்டே இருந்தேன். பையன்கள் சிரித்தார்கள். கோச் என்னை உட்காரவைத்து ஸ்கேட்டைக் கழற்றிக் கவிழ்த்து, பிளேடின் அடியில் விரலை ஓடவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஸ்கேட்டின் அடி கத்திபோல ஒற்றை முனையாக இருக்காது. நடுவில் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும், பள்ளத்தின் இரு கரையும்தான் பனியைப் பிடிக்கும். அந்தப் பள்ளத்தைக் கடைக்காரர் நல்ல மனதோடு மட்டமாகத் தேய்த்து விட்டிருந்தார்.

அன்று என்னைக் கூட்டிவரக் காரோடு வந்திருந்தவர் ரஞ்சன் மாமா. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர். பேராதனையில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர். ஏன் விட்டார், எப்படி வந்தார் என்பதெல்லாம் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியவை. எனக்குத் தெரிந்தது ஒரு சொல்தான்: "கேஸ்". அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்ட அந்தக் கேஸ் முடியும்வரை அவர் வேலைக்குப் போகக் கூடாது, படிக்கக் கூடாது. காலையில் எல்லோரும் போன பிறகு அவர் வாசலில் பனி வாருவார், மீன்குழம்பு வைப்பார், தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது ஜன்னலோரம் நிற்பார். அந்த மனிதர் என் ஸ்கேட்டைக் கையில் வாங்கி, அடியைப் பார்த்து, "இது சாணை பிடிக்கிற விஷயமில்லை, குஞ்சு, இதிலை ஏதோ கணக்கு இருக்கு" என்றபோது அவர் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஓர் உற்சாகம் இருந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

முதலில் ரூட் நாற்பத்தாறு நெடுஞ்சாலையில் இருந்த பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். அங்கே ஸ்கேட்டை மெஷினில் பூட்டிய இளைஞனிடம் மாமா, எவ்வளவு ஆழமாகப் பள்ளம் எடுப்பாய் என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே அளவுதான் என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல். அது ஹார்ட்வேர் கடையைவிட எவ்வளவோ மேல். ஆனால் இடப்பக்கம் திரும்பினால் பிடித்த பிளேடு வலப்பக்கம் திரும்பினால் விட்டுவிட்டது. பள்ளத்தின் ஒரு கரை மற்றதைவிட உயர்ந்துவிட்டிருந்தது. மாமாவுக்கு எரிச்சலை விட ஆர்வம்தான் அதிகம் வந்தது. "கண்ணுக்குத் தெரியாத உயரமடி. அதுக்கே ஆள் விழுந்து போகுது" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைசியில்தான் அரங்கின் சொந்தக் கடை. அதை நடத்தியவள் டோனா. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும், மாமாவின் வயதுதான். பழுப்பு முடியை இழுத்துக் கட்டி, பெரிய பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள். ஸ்கேட்டை வாங்கியவள் மெஷினைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, எந்த இடத்தில் ஆடுகிறாய், எவ்வளவு எடை, சட்டென்று திரும்பி நிற்கப் பிடிக்குமா, நீளமாக வழுக்கிப் போகப் பிடிக்குமா என்று கேட்டாள். ஒரு சிறு எஃகுச் சட்டத்தைப் பிளேடின் குறுக்கே வைத்து, அது ஒரு பக்கம் சாய்வதை எங்களுக்குக் காட்டினாள். பிறகு மாமா கேட்கக் கேட்கச் சொன்னாள். பள்ளம் ஆழமானால் பனியை இறுகப் பிடிக்கும், ஆனால் கால் சீக்கிரம் களைக்கும். ஆழம் குறைந்தால் காற்றுமாதிரி போகலாம், ஆனால் காலை நம்ப வேண்டும். கோல் காப்பவனுக்கு ஒன்று, ஓடி அடிப்பவனுக்கு வேறொன்று. என்னைப் போல எடை குறைந்தவளுக்குக் கொஞ்சம் ஆழமாகவே எடுக்கலாம். எல்லாம் முடிந்ததும், நீ ஸ்கேட் பண்ணுவாயா என்று மாமாவைக் கேட்டாள். ஐஸை நான் சர்பத்துக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று அவர் தன் பேராதனை இங்கிலீஷில் சொன்னார். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த பயிற்சியில் நான் ஒருமுறைகூட விழவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை கொண்டுவந்தால் போதும் என்று டோனா சொல்லியிருந்தாள். ஆனால் அடுத்த சனிக்கிழமையே மாமா பிளேடில் நகத்தை வைத்துப் பார்த்து, "கூர் கொஞ்சம் மழுங்கின மாதிரிக் கிடக்கு, குஞ்சு" என்றார். அதற்கடுத்த சனியும் அப்படித்தான். எனக்கென்ன, போனால் கோக்கோ கிடைக்கும். நான் பெஞ்சில் உட்கார்ந்து நாக்கைச் சுட்டுக்கொண்டிருக்க, அவர்கள் மேசைக்கு இரு பக்கமும் நின்று பேசுவார்கள். மெஷின் ஓடுவது கொஞ்ச நேரம்தான். கல் பிளேடில் பட்டதோ இல்லையோ என்கிற மாதிரி டோனா ஒரு தடவை இழுத்துவிட்டு நிறுத்திவிடுவாள். என்றாலும் ஒவ்வொரு முறையும் பிளேடு கொஞ்சம் தேய்ந்துகொண்டுதான் போனது. அது தேவையில்லாத தீட்டல் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது என்பது எனக்கு இப்போது புரிகிறது.

மாரி இறுகியபோது அவர் வாடகை ஸ்கேட்டோடு பனியில் இறங்கியிருந்தார். சுவரைப் பிடித்தபடி நாரைபோல நடப்பார். டோனா அவருக்கு முன்னால் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே, இரு கைகளையும் நீட்டி, தொடாமல், வா வா என்பாள். ஒருநாள் அவர் சுவரை விட்டுவிட்டு நாலைந்து அடி தனியாகப் போய்க் குப்புற விழுந்து, எழும்ப முடியாமல் சிரித்தார். வாயைத் திறந்து மாமா சிரித்ததை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். முதன்முதலாகக் கேட்டது இன்னொன்றும் உண்டு. பேராதனையில் தன்னோடு ஒரே அறையில் இருந்த சிவா என்கிற நண்பனைப் பற்றி, அவன் எப்படிப் பாடுவான், எந்தத் தெருவில் அவனைக் கடைசியாகப் பார்த்தார் என்பதையெல்லாம் அவர் டோனாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒருநாளும் எழுந்ததில்லை. அவள் கடை மேசைக்குப் பின்னால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷினுக்காகக் காத்துநின்ற ஒரு அப்பாவும் மகனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அம்மா வந்தார். கார் நிறுத்துமிடத்தில் கோச் என் ஸ்கேட்டைத் தூக்கிக் காட்டி, அடுத்த வருஷத்துக்கு இது தாங்காது என்றார். பல வருஷம் ஆடியவர்களின் பிளேடுகூட இப்படித் தேய்ந்து தான் பார்த்ததில்லை, யார் இதை இத்தனை தரம் தீட்டுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார், குற்றமாக அல்ல. காரில் ஏறியதும் அம்மா, "கிழமைக்குக் கிழமையோ கொண்டுபோறவன்?" என்றார். ஓம் என்றேன். ஆர் தீட்டுறது என்றார். டோனா என்றேன், எல்லோருக்கும் தெரிந்த பெயர்தானே என்பதுபோல. அதற்குப் பிறகு ரூட் நாற்பத்தாறின் சிக்னல்கள் எல்லாவற்றிலும் அம்மா சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு மேசையில் அது வெளியே வந்தது.

"அவள் நல்லவள், அக்கா" என்றார் மாமா.

"நல்லவள் கெட்டவள் எண்ட கதையே இல்லை. அங்கை ஊரிலை எங்கடை அம்மா ஷெல்லடிக்குள்ளை இருந்துகொண்டு உன்ரை கலியாணத்துக்கு நேர்த்தி வைச்சுக்கொண்டிருக்கிறா. அவவுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?"

அப்பா குரலை உயர்த்தாமல், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ரஞ்சன், உம்மடை கேஸ் இஞ்சை இழுபட்டுக்கொண்டுதான் போகும். லோயரும் அதைத்தான் சொல்லுறார். கனடாவிலை எங்கடை ஆக்களை ஏற்கிறாங்கள். அங்கை போனால் வேலையும் செய்யலாம், படிக்கவும் செய்யலாம்."

அப்பா சொன்னது உண்மை. அதுதான் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாமல் போனது. டோனாவால்தான் மாமாவை அனுப்பினோம் என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போவதற்கு நல்ல காரணம் இருந்தது. மாமா தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, "ஒருக்கால் வந்து அவளைப் பாருங்கோ அக்கா. பார்த்திட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

"மாட்டன்" என்றார் அம்மா. "பார்த்தால் எனக்கு மனம் மாறிப்போம்."

கடைசியாக நாங்கள் கடைக்குப் போனது பள்ளிக்கூடம் விட்ட ஒரு மாலைப்பொழுது. மாமா வழக்கம்போல ஸ்கேட்டை மேசையில் வைத்தார். டோனா அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தீட்ட இதில் இரும்பு இல்லை என்றாள். மெஷினை அவள் போடவில்லை. அதன் இரைச்சல் இல்லாமல் அந்தக் கடை எவ்வளவு அமைதியானது என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குக் கோக்கோ வாங்கிவரச் சொன்னார்கள். நான் திரும்பி வந்தபோது அவள் என் பக்கம் குனிந்து, புது ஸ்கேட் வாங்கியதும் எந்த ஆழம் கேட்க வேண்டும், வளர வளர அதை எப்படிக் குறைக்க வேண்டும் என்று மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவளைத் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்கு நினைவில்லை. நான்தான் திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன். அந்தக் கிழமையே அப்பா அவரைக் கனடாவுக்குப் போகும் பஃபலோ எல்லைவரை காரில் கொண்டுபோய் விட்டார்.

என் புது ஸ்கேட்டை டோனா இன்னும் ஒரு மாரிகாலம் தீட்டித் தந்தாள். உன் மாமா எப்படி என்பாள். நல்லா இருக்கிறார் என்பேன். அதற்கடுத்த வருஷம் மேசைக்குப் பின்னால் வேறொரு ஆள் நின்றார். டோனா எங்கே போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. உயர்பள்ளிக்கூடம் போனதும் நான் ஹாக்கியை விட்டுவிட்டேன்.

மாமா டொராண்டோவில் படிப்பை முடிக்கவில்லை. தபால் இலாகாவில் சேர்ந்தார். அம்மம்மா ஊரிலிருந்து பார்த்துச் சொன்ன வசந்தி மாமியைக் கட்டினார். இரண்டு பிள்ளைகள். மாமி நல்லவர், போகிற போதெல்லாம் எனக்கு இடியப்பம் கட்டித் தந்துவிடுவார். மாமா கெட்டுப்போனார் என்றோ, வாழ்க்கை அவரை ஏமாற்றியது என்றோ சொன்னால் அது பொய். வீடு, தோட்டம், கோவில் நிர்வாகம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் ஒழுங்கான, சத்தமில்லாத மனிதராக வயதானார். சிவா என்கிற பெயரை அவர் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவேயில்லை. மாமிக்கு அந்தப் பெயர் தெரியுமா என்றும் தெரியாது.

போன மாரியில் மாமா காலமானார். இறுதிச் சடங்கு முடிந்து அம்மாவை முன்சீட்டில் வைத்து நியூ ஜெர்சிக்கு நான்தான் ஓட்டிவந்தேன். அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. பார்சிப்பனி அரங்கு இப்போது சனங்கள் பழைய தளபாடங்களைப் பூட்டிவைக்கிற கிடங்கு. ஹார்ட்வேர் கடை இல்லை. ரூட் நாற்பத்தாறு கடையிருந்த இடத்தில் இந்திய மளிகைக் கடை. என் சிநேகிதியின் மகன் ஸ்கேட்டை வீட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அமுக்குகிறான், அது தானே தீட்டிக்கொள்கிறது. யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

பஃபலோ தாண்டி, வயல்களில் பனி வெளுத்துக் கிடந்த இடத்தில், அதுவரை கண்ணை மூடியிருந்த அம்மா கேட்டார்:

"அவள் எப்பிடி இருப்பாள்?"

யாரைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. பழுப்பு முடி, இழுத்துக் கட்டியிருப்பாள், மாமாவைவிடக் கொஞ்சம் உயரம், பலமாகச் சிரிப்பாள் என்றேன்.

"கண்?"

எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் அந்தப் பெரிய கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். அவளுடைய குடும்பப் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் அம்மா என்றேன்.

அம்மா சீட்பெல்டைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தார்.

"அவன் கேட்டவனல்லோ" என்றார். "ஒருக்கால் போய்ப் பார்த்திருக்கலாம்."