மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்

இரத்தோட்டையில் மிளகு வாங்கும் ஸ்டோர் ஒன்றில் தரம் பார்த்துப் பதிவது என் வேலை. போன வருடம் எங்கள் கணினிக்குள் ஒரு தானியங்கி உதவியாளை வைத்தார்கள். பதிவில் பிழை என்று அதற்குத் தோன்றினால் அதுவே திருத்திவிடும். அதற்குத் தனிக் கணக்குத் திறக்கச் சோம்பல்பட்டு என் பெயரையும் பாஸ்வேர்டையுமே கொடுத்தேன். எங்கள் ஸ்டோரில் ஃபேனைப் போல பாஸ்வேர்டும் பொதுச் சொத்துதான்.

ஒரு காலையில், தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த அக்கா ஒருவர் மூட்டையை இறக்கினார். மிளகைக் கடித்துப் பார்த்து முதல் தரம் என்று பதிந்தேன். ரசீதில் இரண்டாம் தரம் என்று வந்தது. திருத்தினேன். மறுபடியும் இரண்டாம் தரம்.

"யாருங்க மாத்துறது?" என்றார்.

உண்மையைக் காட்டிவிடலாம் என்று மாற்றங்களின் பதிவைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். மாற்றியவர் என்ற இடத்தில் வரிக்கு வரி என் பெயர். உயர்த்தியதும் நான், குறைத்ததும் நான். மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். "அதுல உங்க பேருதானே இருக்கு?" என்று வைத்துவிட்டார்.

"குறையிறப்போ நீங்க கையே வைக்கல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் அக்கா.

எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி. அவர் சொன்னதை எழுத அந்தப் பதிவில் இடமில்லை.

வெளியே ஹோர்ன் அடித்தது. இரண்டாம் தரம் என்றிருந்த ரசீதை அவரே என் பக்கம் தள்ளினார்.

"பஸ் போயிரும். கையெழுத்துப் போட்டுத் தாங்க."

போட்டேன்.