மகனின் வாயை முகர்ந்து பார்த்தேன்

2003-ஆம் வருடம், தை மாதம் என்று நினைவு. அப்போது திருவொற்றியூரில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. எங்களுக்கு ஒரே மகன், ஆறு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். சந்தோஷம் வந்தால் கைகளை உதறிக்கொண்டு குதிப்பான். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் என்றார்கள். அந்த வார்த்தையை ஒரு சீட்டில் எழுதி வாங்கி வந்து அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

டோல்கேட் பக்கத்தில் ஒரு சந்தில், மாடி அறையில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பெண் வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டுச் சேர்த்தேன். அவளுக்கு முப்பது வயது இருக்கும். மொத்தம் ஐந்து பிள்ளைகள். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டாள்.

"மொத ஒரு மாசம் அம்மாங்க உள்ள வரக்கூடாதுக்கா. நீ இருந்தீன்னா உன் முந்தானைய வுடமாட்டான். பன்னெண்டு மணிக்கு வந்து கூட்டினு போ."

அப்போதே மனதில் ஒரு முள் குத்தியது. ஜன்னலில் எல்லாம் கறுப்புத் துணி. பாட்டுச் சத்தம் இல்லை, அ, ஆ சொல்லும் சத்தம் இல்லை. பள்ளிக்கூடம் என்றால் சத்தம் இருக்க வேண்டாமா?

இரண்டாவது வாரம் பயமே வந்துவிட்டது. மத்தியானம் திரும்பி வரும்போது எங்கள் பஸ் எப்படியும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஹாரனுக்கும் என் மகன் அலறுவான். அன்று அலறவில்லை. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். கண்கள் பாதி மூடியிருந்தன. தினமும் அதே பஸ்ஸில் வரும் மீன்காரம்மா, "இன்னாமே இது, இன்னிக்கு கொயந்த இம்மாம் சமத்தா கீது?" என்று ஆச்சரியப்பட்டவர், என் காதருகே குனிந்து, "தூக்க மருந்து இன்னாவாச்சும் ஊத்துறாளானு பாரு. காசுக்குப் புள்ள பாத்துக்கிறவளுங்க செய்வாளுங்க" என்றார்.

அங்கேயே, பஸ்ஸில் வைத்தே, மகனின் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். தினமும் பார்த்தேன். நாக்கில் நிறம் ஏறியிருக்கிறதா, இமைக்கு உள்ளே சிவந்திருக்கிறதா, தண்ணீர் பாட்டிலில் வாசனை வருகிறதா என்று ஒன்று விடாமல் சோதித்தேன். பாவம், அவன் என் கையைத் தள்ளித் தள்ளிவிட்டான். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "அவன் கத்துனாலும் அழுவுற, கத்தாட்டியும் அழுவுற. எனக்கு ஷிப்டுக்கு நேரமாவுது, ஆள வுடு" என்று கிளம்பிவிட்டார்.

ஒரு நாள் அந்த வகுப்பு வாசலில், அலமாரி மேல், இருமல் மருந்து பாட்டில் ஒன்றைப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நேராக மருந்துக்கடைக்குப் போய், இது மயக்க மருந்தா என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தார்.

"இன்னாம்மா நீ, தேங்கா எண்ணெய எத்துனு வந்து மயக்க மருந்தான்ற? தலைல நல்லா தேச்சா வேணா தூக்கம் வரும், போ."

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சந்தேகப்படுவது தெரிந்து பாட்டிலை மாற்றி வைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. சந்தேகம் புகுந்த மனதுக்குச் சாமி வந்து சொன்னாலும் காது கேட்காது போலிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மகனை விட்டுவிட்டுப் போவது போலப் போய், பதினொரு மணிக்குத் திரும்பி வந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறிக் கதவிடுக்கில் பார்த்தேன். அரை இருட்டு. தாடி வைத்த பெரிய ஆள் ஒருவர் கையில் கோணி ஊசியோடு தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மூலையில், ஒரு கோணி மூட்டைக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள். ஒரு காலில் நான் கட்டிய கறுப்புக் கயிறு.

"ஐயோ, எம்புள்ள!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, மூட்டையை இழுத்து எறிந்தேன். பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டன. ஒரு பெண் குழந்தை வீறிட்டு அழுதது. உள்ளேயிருந்து ஓடிவந்தவளின் சேலையைக் கொத்தாகப் பிடித்தேன். "இன்னாடி குடுக்குற எம்புள்ளைக்கு? யார்றீ இந்தாளு? போலீசுக்குப் போறேன் பாரு!"

அந்த ஆள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் காதைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் பேசினார். "கத்தாத. வலிக்குது. அவனுக்கும் வலிக்கும்."

அப்போதுதான் என் மகனைக் கவனித்தேன். எழுந்து போய், நான் எறிந்த மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தான். படுத்து, தானே நெஞ்சின் மேல் ஏற்றிக்கொண்டான். போதவில்லை போலிருக்கிறது. கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் உள்ளங்கையை மூட்டையின் மேல் வைத்தான். அழுத்து என்கிறான்! பசித்தால் தவிர எதற்கும் என் கையைத் தேடாத பிள்ளை. அழுத்தினேன். நீளமாக ஒரு மூச்சு விட்டான். கண்கள் பாதி மூடின. பஸ்ஸில் நான் பார்த்துப் பயந்த அதே கண்கள்.

கிட்டத்தில் பார்த்தால் அது மூட்டைகூட இல்லை. தலையணை அளவுக் கோணிப்பை, உள்ளே பச்சைப்பயறு. கழுத்துக்குக் கீழேதான் வைத்திருந்தார்கள்.

"எங்க அண்ணன்க்கா" என்றாள் அவள், சேலையைச் சரிசெய்துகொண்டே. "உன் புள்ள மாதிரிதான் இதுவும். எங்க நைனா ஹார்பர்ல மூட்ட தூக்கினு இருந்தாரு. இது குடோன்ல மூட்ட சந்துல பூந்துக்கும். பேய் புட்சிகிச்சினு அடிச்சி இழுத்துனு வருவோம். எத்தினி அடி! பெரிசானப்புறம்தான் அதுவே சொல்லிச்சு, அங்கதான் ஒடம்பு அடங்குச்சுனு. இந்தப் பையெல்லாம் அது தெச்சதுதான். வெளிச்சம் கண்ணக் குத்துதுனு ஜன்னல்ல துணி கட்டுனதும் அதுதான்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா சேத்திருப்பியா? கோணிய போட்டு படுக்க வெப்பேன்னா எவ வுடுவா? ரெண்டு பேரு அப்படித்தான் கூட்டினு போயிட்டாளுங்க."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் சந்தேகம் முழுதாக விடவில்லை. கையை உதறுவதையும் குதிப்பதையும் எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். அவளுடைய அண்ணன்தான், மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டே, "சிரிப்பு வந்தா நீ சிரிக்கமாட்டே?" என்றார்.

பைக்குள்ளிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "அடிப்பாவி, நீதான் சுட்டியா? கைகால் அமுக்கிவுட எண்ணெய் இல்லாம ரெண்டு நாளா பேஜாரு" என்று அவள் சிரித்துவிட்டாள். நான்தான் அழுதேன்.

என் மகன் அதன் பிறகும் பேசவில்லை. கைகளை உதறுவதும் நிற்கவில்லை, நானும் நிறுத்தச் சொல்வதில்லை. வீட்டிலும் அவனுக்கு ஒரு பயறுப் பை தைத்துக் கொடுத்தோம். வேண்டும் என்றால் அவனே எடுத்துக்கொள்வான். நான் சந்தேகப்பட்டதை அந்தப் பெண் அன்றைக்கே மறந்துவிட்டாள். ஆனால், மருந்து ஊற்றாமல் என் பிள்ளைக்கு நிம்மதி வராது என்று பெற்றவளே முடிவுகட்டிவிட்டேனே, அதற்காக இன்றைக்கும் அம்மன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.