டூக்காவுக்கு ஒரு பூசை

செத்து இருநூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒரு ஜெர்மன்காரன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். அவனைப் பற்றிக் கதைக்கும்போது என் மனைவியின் முகம் எப்படி மலரும் என்று பார்த்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

நாங்கள் இருக்கும் இத்தாலிய நகரத்தின் நடுவே, பொலிதேயாமாவில், ஒரு சின்யோரா வீட்டில் அவளுக்கு வேலை. சின்யோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. கண் மங்கிவிட்டது, ஆனால் பாதியில் நின்ற புத்தகத்தை முடிக்கும் பிடிவாதம் மங்கவில்லை. துடைத்து, கழுவி, சமைத்த பிறகு, சின்யோரா எழுதிவைத்த தாள்களை என் மனைவி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதியதெல்லாம் ஜெர்மனியில் ஒரு மூலையை ஆண்ட ஒரு டூக்காவைப் பற்றி. டூக்கா என்றால் அரசனுக்கு அடுத்த பெரிய ஆள். இவனுடைய நாட்டையோ காலையில் நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடந்துவிடலாமாம்.

வீட்டுக்கு வந்ததும் சோற்றோடு டூக்காவையும் பரிமாறுவாள். பத்தொன்பது வயதில் பட்டத்துக்கு வந்தான். கலியாணம் முடிக்கும் ஒவ்வொரு சோடியும் தெருவோரத்தில் இரண்டு பழமரம் நடவேண்டும் என்று சட்டம் போட்டான். பஞ்சம் வந்தபோது அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். மனைவி நோயில் விழுந்தபோது மந்திரிகளை வெளியே காக்கவைத்துவிட்டுத் தன் கையால் சூப் பருக்கினான்.

“எவ்வளவு பொறுமையானவர் தெரியுமே,” என்பாள்.

அந்தச் சூப் எனக்குத்தான் தொண்டையில் அடைத்தது. அவளுக்குப் பித்தப்பை ஒப்பரேசன் நடந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். பிரான்காச்சோவில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, யன்னல் செய்யும் பட்டறை. லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. டூக்காவின் கதையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஊருக்கு அவளைவிட ஒன்பது வருடம் முந்தி வந்தவன் நான். என் இத்தாலியன் பட்டறையைத் தாண்டவில்லை. அவளோ டூக்காவின் புண்ணியத்தில் பெரிய பெரிய சொற்களாகக் கதைத்தாள். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போனபோது, அங்கிருந்த அலுவலர் என் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம்தான் எல்லாம் கேட்டார். 

பிறகு ஒரு அத்தியாயம் வந்தது. டூக்கா தன் நாட்டு இளைஞர்களைப் பிடித்து வேறொரு ராசாவின் யுத்தத்துக்கு வாடகைக்கு அனுப்பினானாம். பலர் திரும்பவில்லை. சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறது என்றால் என்னவென்று, ஊரில் யுத்தத்தைக் கண்டுவந்த எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவள் அதைச் சொல்லும்போது குரல் கம்மியது. எனக்குக் கொண்டாட்டம்.

“பாத்தீரே உம்மடை டூக்காவை? பெரிய பாவி,” என்றேன். ஒரு கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

நவம்பரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மரித்தவர்களின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுக்கும், பூசையில் வாசிப்பார்கள். எங்கள் தாளை எழுதுவது அவள். அந்த ஞாயிறு என் அப்பாவின் பெயர் வந்தது, பிறகு அம்மா, பிறகு மாமனார். நாலாவதாக டூக்காவின் பெயர், பட்டத்தோடு. வாசித்தவர் நாக்குத் தடுக்கி இரண்டாம் முறையும் வாசித்தார். பக்கத்து வாங்கில் இருந்தவர் குனிந்து, “உங்கடை சொந்தமோ?” என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

பஸ் நிறுத்தத்தில் வெடித்தேன்.

“என்ரை அப்பற்றை பேரோடை அவன்ரை பேரையும் எழுதிறதோ? அவன் புரட்டஸ்தாந்துக்காரன். செத்த ஆக்களுக்குப் பூசை வைக்கிற வழக்கமே அவங்களிட்டை இல்லை.”

“நீங்கள்தானே பெரிய பாவி எண்டு சொன்னியள். பாவிக்குத்தானே பூசை வேணும்,” என்றாள்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “என்னட்டை இல்லாத என்னத்தை அவனிட்டைக் கண்டனீர்? விடிஞ்சாப் பொழுதுபட்டா அவன்ரை கதைதானே.”

அவள் பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னாள்.

“டூக்காவைப் பற்றிக் கதைச்சா கோவத்தோடையெண்டாலும் இருந்து கேக்கிறியள். என்னைப் பற்றிக் கதைச்சா ஃபோனை எடுத்திடுவியள்.”

பஸ் வந்தது, ஏறினோம். அவள் சொன்னது பொய் என்று காட்ட, அவள் தன்னைப் பற்றிச் சொல்லி நான் முழுதாகக் கேட்ட ஒரு நாளையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். இறங்கும் இடம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை.